பன்னி விழுற பவர் வேணுமா மச்சான்?

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். களமருதூர்னா தெரியாதவங்களுக்கு: உளுந்தூர்பேட்டைப் பக்கம், 2019 நவம்பர் வரைக்கும் விழுப்புரம் மாவட்டம், இப்ப கள்ளக்குறிச்சி. வீட்டம்மாவோட தம்பி வந்திருந்தான். அவனுக்குக் கல்வராயன்மலை அடிவாரத்துல ரெண்டு ஏக்கர் மக்காச்சோளம், ஓரத்துல கொஞ்சம் மரவள்ளி. வந்தவன் காபி ஆறுற வரைக்கும் பேசல. அப்புறம் மூலையில சாத்தி வெச்சிருந்த என் ஏர்கன்னை ஒரு பார்வை பார்த்துட்டு, "மாமா, இதுல பவர் ஏத்த முடியுமாமே? ஏதோ ஸ்பிரிங்கு, வால்வு எல்லாம் லேத்துல கடைஞ்சு தராங்களாமே? பன்னி விழுமா?"ன்னான்.

மூணு ராத்திரியில முக்கால் ஏக்கர் போச்சாம். அவன் கோவத்துல நியாயம் இருக்கு. ஆனா அந்தக் கேள்விக்கு நான் 'முடியாது'ன்னு சொன்னதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு சட்டம். இன்னொண்ணு, இந்த 'பவர் ஏத்துறது'ங்கிற சமாச்சாரமே எனக்குப் புடிக்காத சமாச்சாரம். ரெண்டாவதைத்தான் விலாவாரியா சொல்லப் போறேன், ஏன்னா அதுல நானே சூடு பட்டவன்.

என்கிட்ட இருக்கறது பிசிபி வகை. ஸ்பிரிங் ஏர்கன் மாதிரி ஒவ்வொரு தடவையும் மடக்க வேணாம். சிலிண்டர்ல 200 பார் அழுத்தத்துல காத்தை அடைச்சு வெச்சுட்டா போதும். குதிரையை இழுத்தா உள்ள ஒரு சுத்தி போய் வால்வைத் தட்டும், வால்வு கண் இமைக்கறதுக்குள்ள திறந்து மூடும், அந்த நேரத்துல வெளிய வர்ற காத்துதான் பெல்லட்டைத் தள்ளும். ஆக, சிலிண்டர்ல இருக்கற காத்து ஒரு மாசச் சம்பளம் மாதிரி. ஒரே நாள்ல விருந்து வெச்சா மீதி நாளைக்குக் கஞ்சிதான்.

நமக்கு அந்த புத்தி அப்ப ஏது? வாங்கின புதுசுல 245 மீட்டர் வேகம் காட்டுச்சு (நொடிக்கு). ஒரு தடவை நிரப்பினா 60 குண்டு. சும்மா இருந்திருக்கலாம். 'கஸ்டம் பார்ட்ஸ்' செய்யறவர் ஒருத்தரைப் புடிச்சு, கெட்டியான சுத்தி ஸ்பிரிங்கும், காத்துப் போற துளை பெருசா வெச்ச ஒரு துண்டும் வாங்கி மாட்டினேன். வேகம் 262 ஆச்சு. ரெண்டு நாள் தரையில கால் பாவல. மூணாவது நாள் எண்ணிப் பார்த்தா ஒரு நிரப்பலுக்கு 32 குண்டுதான் வருது! 17 மீட்டருக்காக 28 குண்டைத் தாரை வார்த்திருக்கேன். சத்தம் வேற பக்கத்துத் தெருவுல நாய் குரைக்கற அளவுக்கு.

என்ன நடந்துச்சுன்னா, பெல்லட் குழாயை விட்டு வெளிய போன பிறகும் வால்வு திறந்தேதான் இருக்கு. அதுக்கப்புறம் வர்ற காத்து யாரையும் தள்ளல, சும்மா 'புஸ்'ஸுன்னு சத்தம் போட்டுட்டுப் போகுது. ஓர் அளவுக்கு மேல ஸ்பிரிங்கை இறுக்க இறுக்க வேகம் ஏறாது, காத்துதான் காலியாகும். இந்த ஒரு வரியை விக்கறவர் சொல்லல. அவரைக் குத்தம் சொல்லியும் பிரயோசனமில்ல, கடைக்குப் போறவன் எல்லாம் "எவ்ளோ ஸ்பீடு வரும்?"னுதான் கேக்கறான். "எத்தனை குண்டு வரும், ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ வித்தியாசம் இருக்கும்?"னு எவனாச்சும் கேட்டானா? நான் கேக்கல.

பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டினேன். கூடவே ஒரு ரெகுலேட்டர். அது சிலிண்டருக்கும் வால்வுக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டு, உள்ள 200 இருந்தாலும் 130 இருந்தாலும் வால்வுக்கு எப்பவும் 110 பார் மட்டும்தான் குடுக்கும். கணக்கு சின்னப் புள்ளை கணக்கு. என் சிலிண்டர் 200 கன செ.மீ. 200-ல இருந்து 110 வரைக்கும் 90 பார், 90 பெருக்கல் 200, மொத்தம் 18,000 கன செ.மீ. சாதாக் காத்து. ஒரு குண்டுக்கு 240 செலவானா 75 குண்டு. அதே ரெகுலேட்டரை 140-க்கு ஏத்தினா பயன்படற காத்து 12,000-தான், அதே செலவுக்கு 50 குண்டு. 140-ல செலவும் கூடும்கறதால நிஜத்துல இன்னும் குறையும். இப்ப எனக்கு அதே 245 மீட்டர்ல 70 தாண்டுது, முதல் குண்டுக்கும் கடைசிக் குண்டுக்கும் வித்தியாசம் 3 மீட்டருக்குள்ள.

அந்த 3 மீட்டர்தான் விஷயமே. 50 மீட்டர் தூரத்துல வேகம் 10 மீட்டர் கொறைஞ்சா குண்டு கிட்டத்தட்ட 2 செ.மீ. கீழ போய் விழும். சோடா மூடியை வெச்சு சுடறவனுக்கு அது அடிக்கும் தப்புக்கும் உள்ள வித்தியாசம். ரெகுலேட்டர் வாங்கக் காசில்லாதவங்களுக்கு ஒரு ஓசி வைத்தியம்: 200 பார் நிரப்பாதீங்க. அழுத்தம் ரொம்ப அதிகமா இருந்தா அந்த அழுத்தமே வால்வை இறுக்கிப் புடிச்சுக்கும், முதல் சில குண்டு மெதுவாத்தான் போகும். 180 சுமாருக்கு நிரப்பிப் பாருங்க, பாதிப் பிரச்சினை தீரும். ஆனா ஒண்ணு, சிலிண்டரையே நாட்டு லேத்துல கடைஞ்சு மாட்டறவங்களைப் பார்த்தா எனக்குக் குலை நடுங்குது. 200 பார்ங்கிறது கார் டயர் காத்து மாதிரி நூறு மடங்கு. உள்ள சாதா கிரீஸ், எண்ணெய் தடவறதும் அதே ரகம்தான், அந்த அழுத்தத்துல அது தீப்புடிக்கும். சிலிக்கான் கிரீஸ்தான் போடணும்.

சரி, சட்டத்துக்கு வரேன். 2016 ஆயுத விதிகள்படி 20 ஜூலுக்கு மேல ஆற்றல் உள்ள ஏர்கன்னுக்கு உரிமம் வேணும். குழாய் விட்டம் .177 அங்குலத்தைத் தாண்டினாலும் வேணும். நாம வழக்கமாப் போடற 0.55 கிராம் பெல்லட் நொடிக்கு 270 மீட்டர்ல போனா சரியா 20 ஜூல். கம்பெனியில இருந்து வரும்போது விளையாட்டுச் சாமானா இருந்தது, நாம ஒரு ஸ்பிரிங்கை மாத்தின அன்னிக்கு ஆயுதச் சட்டத்துக்குள்ள வந்துடும். துப்பாக்கி மேல எந்த மாத்தமும் தெரியாது. அந்த மலைப்பக்கம் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைப் புடிச்சாங்கன்னு பேப்பர்ல செய்தி வர்றது புதுசில்ல. மச்சான் பேரும் அதுல வரணுமா?

இன்னும் ஏத்தினாத்தான் என்ன ஆகும்? அதே பெல்லட்டை 30 ஜூலுக்குக் கொண்டு போனா வேகம் 330 மீட்டர். ஒலியோட வேகத்துக்குப் பக்கம். அங்க நம்ம ஈயப் பெல்லட் தள்ளாட ஆரம்பிச்சுடும், எங்க போகும்னு அதுக்கே தெரியாது. அதை வெச்சுக்கிட்டு ராத்திரியில தோல் தடிச்ச பன்னியைச் சுட்டா, பன்னி சாகாது. காயத்தோட ஓடும், ரெண்டு நாள் கழிச்சு வாய்க்கால்ல கிடக்கும். இல்லன்னா திரும்பி நம்ம மேலயே பாயும்.

இங்கிலாந்துல உரிமம் இல்லாம வெச்சுக்கறது 12 அடி-பவுண்டு வரைக்கும், அதாவது 16 ஜூல் சொச்சம். அதை வெச்சே 50 மீட்டர் வரைக்கும் போட்டி நடத்தறாங்க. ஜெர்மனியில 7.5 ஜூல்தான். நம்ம பக்கத்து மாவட்டம் கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல ரியோ உலகக் கோப்பையில தங்கம் வாங்கினாங்களே, அந்த 10 மீட்டர் ஏர் ரைஃபிளோட ஆற்றலும் 8 ஜூல் சுமார்தான். அந்தப் போட்டியில பத்துங்கிற புள்ளி அரை மில்லிமீட்டர். அங்க யாரும் பவர் ஏத்தறதில்ல, ஒவ்வொரு குண்டும் ஒரே மாதிரி போகணும்னுதான் மெனக்கெடறாங்க.

(குண்டு எண்ணிக்கைக் கவலை புதுசும் இல்ல. 1780 வாக்குல ஆஸ்திரியப் படையில இருந்த ஜிரார்டோனி காத்துத் துப்பாக்கிக்கு ஒரு தொட்டி நிரப்ப 1500 தடவை பம்ப் அடிக்கணுமாம், அதுல 30 குண்டு உருப்படியாப் போகும். நான் நூத்துச் சொச்சத்துக்கே இடுப்பைப் புடிச்சுக்கறேன்.)

இதையெல்லாம் மச்சான்கிட்ட சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அப்ப பன்னிக்கு என்னதான் வழி மாமா?"ன்னான். அதுக்கு என்கிட்ட நேரான பதில் இல்ல. 2025 ஜனவரியில அரசு அறிவிச்சபடி, காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்னியை வனத்துறைதான் சுடும், நாம சுட முடியாது. ஒண்ணுல இருந்து மூணு கிலோமீட்டருக்குள்ளன்னா புடிச்சுக் காட்டுல விடுவாங்க. ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடறதுக்கே அனுமதியில்ல. மச்சான் கொல்லை காட்டு ஓரத்துலயே இருக்கு. நிவாரணத்துக்கு மனு குடுன்னேன். "குடுத்தா வருமா?"ன்னு சிரிச்சான். கள்ளக் கரண்ட்டு வேலி மட்டும் போட்டுடாதடான்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்.

போகும்போது எங்கம்மாவோட பழைய சேலை எட்டு மடிச்சு எடுத்துக்கிட்டுப் போனான், வேலியில கட்ட. போன வாரம் போன் பண்ணினான். நாலு நாள் பன்னி வரலையாம், அஞ்சாம் நாள் சேலைக்கு அடியில பூந்து வந்துடுச்சாம்.

டிஸ்கி: அந்தக் கெட்டி ஸ்பிரிங் இன்னும் என் மேஜை டிராயர்லதான் கிடக்கு. வேணும்னு கேட்டு யாரும் தனிமடல் போடாதீங்க சாமிகளா, தர மாட்டேன் :-)