ஐந்தரைப் பாகையின் பொருள்

மணி மூன்றே கால். கடிகாரத்தின் இரு முட்களுக்கும் இடையேயுள்ள கோணம் என்ன? வங்கி, இரயில்வே, பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளுக்கு நாடெங்கும் ஆயத்தமாகும் இளைஞர்களுக்கு இவ்வகை வினா புதிதன்று. இரு முட்களும் மூன்றில் நிற்பதாக எண்ணிச் சுழியம் என்பது எளிதில் நேரும் பிழை. சரியான விடை ஏழரைப் பாகை. நிமிடமுள் பன்னிரண்டிலிருந்து மூன்றுக்கு வந்த கால் மணி நேரத்தில், மணிமுள்ளும் தன் முப்பது பாகைப் பயணத்தில் கால்பங்கைக் கடந்துவிட்டது.

இவ்வகைக் கணக்குகளுக்கெனப் பயிற்சி நூல்கள் ஒரு சூத்திரம் தருகின்றன: மணியை 30ஆலும் நிமிடத்தை 5.5ஆலும் பெருக்கி, வேறுபாட்டைக் காண்க. சூத்திரம் பிழையன்று, பொருளறியாது அதனை மனப்பாடம் செய்வதே பிழை. 1 மணி 50 நிமிடத்திற்கு அது 245 எனத் தரும். கொடுக்கப்பட்ட விடைகளில் 115 மட்டுமே இருந்தால், மனப்பாடம் செய்தவர் திகைப்பார். முட்களை மனக்கண்ணில் கண்டவரோ, 360இலிருந்து 245ஐக் கழித்துச் சிறிய கோணத்தை எடுத்துக்கொள்வார்.

அந்த 5.5 எங்கிருந்து வந்தது? நிமிடமுள் நிமிடத்திற்கு 6 பாகை நகர்கிறது. மணிமுள் அரைப் பாகை. இரண்டின் வேறுபாடே ஐந்தரை. பாடத்தின் உயிர் இந்த ஒப்பீட்டு வேகத்தில்தான் இருக்கிறது.

இது இந்திய மண்ணுக்குப் பழகிய சிந்தனை. கி.பி. 499ஐ ஒட்டி எழுந்த ஆரியபடீயம், இரு கோள்களின் சுற்றுகளுக்கு இடையிலான வேறுபாடே ஒரு யுகத்தில் அவை கூடும் எண்ணிக்கை என்கிறது. நிலவின் சுற்றுகள் 5,77,53,336. கதிரவனின் சுற்றுகள் 43,20,000. கழித்தால் வரும் 5,34,33,336 என்பதே யுகத்தின் சந்திர மாதங்கள். கடிகாரத்திலும் அதே கணக்குத்தான். பன்னிரண்டு மணி நேரத்தில் நிமிடமுள் 12 சுற்று, மணிமுள் 1 சுற்று. ஆகவே அவை சேர்வது 11 முறை. ஒரு நாளில் 24 அன்று, 22.

நூறு வினாக்களுக்கு அறுபது நிமிடம் தரும் தேர்வில், ஒரு வினாவிற்குக் கிடைப்பது 36 நொடி. அங்கே சிந்திக்க நேரமேது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் சிந்தனை நிகழ வேண்டிய இடம் தேர்வறையன்று, வகுப்பறை. அங்கே ஒரு பழைய சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி, அதன் முட்களை மாணவர் கையாலேயே திருப்பச் செய்தால், ஒரு பாடவேளை போதும்; பிறகு சூத்திரத்தை மறந்தாலும் அவர்களே அதை மீண்டும் ஆக்கிக்கொள்வர்.

தேர்வில் வெல்வோர் சிலரே. வெல்லாதோர் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்றது வெறும் சூத்திரங்களாக இருந்தால், தேர்வோடு அதுவும் உதிர்ந்துவிடும். காரணம் அறிந்து கற்றதோ அவர்களுடன் நிலைக்கும். அந்த ஈட்டத்தையேனும் அவர்களுக்கு உறுதிசெய்வது கற்பிப்போர் கடன்.