காப்பு கட்டின பிறகு கைய வைக்காதீங்க சாமிகளா!

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். மென்பொருள் எழுதுற நண்பர்கள் கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை.

ஓப்பன் சோர்ஸ் பக்கம் எட்டிப் பார்க்காதவங்களுக்கு முதல்ல ஒரு சின்ன விளக்கம். ஒரு மென்பொருளோட அடுத்த பதிப்பு வர்றதுக்குச் சில வாரம் முன்னாடி, "இனிமே புது வசதி எதுவும் சேர்க்கக் கூடாது, பிழை மட்டும் திருத்தணும்"னு ஒரு கோடு போடுவாங்க. அது ஃபீச்சர் ஃப்ரீஸ். அதை ஒட்டியே, திரையில தெரியிற ஆங்கில வாசகங்களையும் தொடக் கூடாதுன்னு இன்னொரு கோடு. அது ஸ்ட்ரிங் ஃப்ரீஸ்.

எங்க சிவகிரிப் பக்கம் கோயில் கொடைக்குக் காப்பு கட்டியாச்சுன்னா ஊர்க்காரன் ராத்திரி வெளியூர்ல தங்க மாட்டான். எவ்வளவு பெரிய சோலி இருந்தாலும் ராஜபாளையத்துல கடைசி பஸ்ஸைப் பிடிச்சாவது வந்து சேருவான். அந்தக் கட்டுப்பாட்டுல கால்வாசி கூட ஃப்ரீஸுக்குக் கிடையாது. "ஒரே ஒரு வார்த்தைதானே அண்ணாச்சி"ம்பாங்க. என்னோட வயித்தெரிச்சல் அந்த ஒரு வார்த்தைதான்.

மொழிபெயர்ப்புக்குப் பெரும்பாலான திட்டங்கள் பயன்படுத்துறது கெட்டெக்ஸ்ட். அதுல ஆங்கில வாசகம்தான் சாவி, தமிழ் வாசகம் பூட்டுக்குள்ள இருக்கிற பொருள். ஆங்கிலத்துல ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்த்தாக் கூட சாவி மாறிடும். நாம எழுதி வச்ச தமிழுக்கு 'ஃபஸ்ஸி'ன்னு முத்திரை குத்தி ஓரமா வச்சிடும். வெளியீட்டுக்காகக் கோப்பைத் தொகுக்கும்போது ஃபஸ்ஸி வாசகங்கள் உள்ளேயே போகாது. பயனர் கண்ணுல படுறது பழையபடி ஆங்கிலம்.

நான் தமிழாக்கம் செய்யிற ஒரு செயலி, பேர் வேண்டாம். ஃப்ரீஸ் அறிவிச்சதும் மூணு வாரம் ராத்திரி ராத்திரி உக்காந்து நானூத்திச் சொச்சம் வாசகங்களை முடிச்சேன். வெளியீட்டுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது அங்க ஒருத்தருக்கு ஞானம் பிறந்து, 'ரிமூவ்'னு இருந்த இடத்தையெல்லாம் 'டெலீட்'டுன்னு மாத்திட்டார். நாப்பத்தொரு இடம். வேடிக்கை என்னன்னா, தமிழ்ல ரெண்டுக்குமே நான் 'நீக்கு'ன்னுதான் போடுவேன். தமிழ்ல ஒரு எழுத்து கூட மாற வேண்டியதில்லை. ஆனா நாப்பத்தொன்னும் ஆங்கிலமா வந்து நின்னுச்சு. கேட்டா, "மைனர் சேஞ்ச்தானே"ன்னு பதில். உமக்கு மைனர், எனக்கு மூணு வாரத் தூக்கம்வே!

பல திட்டங்கள்ல தமிழுக்கு ஒருத்தரோ ரெண்டு பேரோதான் இருப்பாங்க, அதுவும் சம்பளமில்லாம. மாத்தின வாசகத்தை ரெண்டு நாள்ல பிடிச்சுடுற அளவுக்கு நம்மகிட்ட ஆள் இல்லை. 2011ல தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுக்க ஆரம்பிச்சப்ப, டெபியனை அடிப்படையா வச்சு சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் விண்டோஸோட சேர்ந்தே வந்துச்சு. தமிழ் இடைமுகத்தைத் தேர்வு செய்யிற ஒரு பிள்ளை, மெனுவுல பாதி தமிழ் பாதி இங்கிலீஷுன்னு பார்த்தா என்ன செய்யும்? மறுநாளே இங்கிலீஷுக்கு மாத்திடும். அப்புறம் "தமிழ்ல யாருங்க பயன்படுத்துறாங்க"ன்னு நம்மகிட்டயே கேள்வி கேப்பாங்க.

விதி இல்லாம இல்லை. க்னோம்ல ஸ்ட்ரிங் ஃப்ரீஸை மீறணும்னா மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்புக் குழுகிட்ட அனுமதி கேட்டு வாங்கணும். அந்தக் கேள்வியைக் கேக்க வேண்டியிருக்குங்கிறதாலேயே பாதிப் பேரு 'அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்'னு அடங்கிடுவாங்கன்னு நினைக்கிறேன்.

"ரொம்ப முக்கியமான வசதியா இருந்தா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். 2025 ஜூன்ல லினக்ஸ் 6.16க்கான ஆர்சி கட்டம் ஓடிக்கிட்டு இருந்தப்ப, பிகேச்எஃப்எஸ் கோப்பு முறைமையை எழுதின கென்ட் ஓவர்ஸ்ட்ரீட், கெட்டுப்போன தரவை மீட்க ஒரு புது வசதியை அனுப்பினார். பயனரோட தரவைக் காப்பாத்துற விஷயமாச்சேன்னு அவர் தரப்பு. லினஸ் டோர்வால்ட்ஸ் அதைச் சேர்த்துக்கிட்டார், ஆனா அடுத்த பதிப்போட பிரிஞ்சிடலாம்னும் சொல்லிட்டார். 6.18ல அந்தக் கோப்பு முறைமையே கர்னல்லேருந்து வெளிய போயிடுச்சு. எனக்கு கென்ட் மேல பரிதாபம் உண்டு. ஆனா எல்லாருக்கும் அவங்கவங்க பேட்ச் உயிர் காக்குற மருந்துதான். ஒருத்தருக்குக் கதவைத் திறந்தா அடுத்தவருக்கு எதைச் சொல்லி மூடுவீங்க?

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. கதவைப் பூட்டிட்டு சாவியைத் தொலைக்கிற ஆளுங்களும் இருக்காங்க. லினக்ஸ் 2.5க்கு 2002 அக்டோபர் 31ல ஃபீச்சர் ஃப்ரீஸ், 2.6.0 வந்தது 2003 டிசம்பர் 17ல. பதிமூணு மாசத்துக்கு மேல! காப்பை எப்ப அவிழ்ப்பாங்கன்னு தெரியலைன்னா எவன்தான் ஊர்லயே கிடப்பான், சுவரேறித்தான் குதிப்பான். 2005லேருந்து கர்னல்காரங்க முறையை மாத்தினாங்க. புதுசு சேர்க்க ரெண்டு வாரம், அப்புறம் ஏழெட்டு வாரம் திருத்தம் மட்டும். இந்த பஸ்ஸை விட்டா அடுத்தது ரெண்டு மாசத்துல வரும்னு தெரிஞ்சா யாரும் படிக்கட்டுல தொங்க மாட்டாங்க.

டெபியன் 13க்கு 2025ல மார்ச் 15, ஏப்ரல் 15, மே 15ன்னு படிப்படியா இறுக்கிக்கிட்டே வந்து ஆகஸ்ட் 9ல வெளியிட்டாங்க. உபுண்டு 2006 ஏப்ரல் பதிப்பையே ஜூனுக்குத் தள்ளினாங்க. அதுக்குச் சொன்ன காரணங்கள்ல பல மொழி ஆதரவை மெருகேத்துறதும் ஒண்ணு. அதான் அந்தப் பதிப்புக்கு எண் 6.04 இல்ல, 6.06. வேலை முடியலைன்னா தேதியைத் தள்ளுங்க. எல்லாருக்கும் தெரியிற மாதிரி தள்ளுங்க. தேதியை அப்படியே வச்சுக்கிட்டு ஃப்ரீஸை மட்டும் ராத்திரியோட ராத்திரியா உடைக்கிறதுக்குப் பேரு நிர்வாகமா?

நம்ம பதிவர்கள்லயே எழுத்துரு மாத்தி, விசைப்பலகை, சொல் திருத்தின்னு கருவி எழுதுறவங்க இருக்கீங்க. உங்ககிட்டயும்தான் கேக்குறேன்: உங்க அட்டவணையில வாசகம் பூட்டுற தேதின்னு ஒண்ணு இருக்கா? அதை உடைக்கணும்னா யார்கிட்ட கேக்கணும்னு எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?

டிஸ்கி: நாப்பத்தொன்னுல முப்பத்தாறு முடிஞ்சது. மீதி அஞ்சை இந்த ஞாயித்துக்கிழமை பாத்துடுவேன். அதுக்குள்ள யாரும் 'டெலீட்'டை 'எரேஸ்'னு மாத்தாம இருக்கணும் :)