பிறவித் திருடனும் பிறவி எஜமானனும்

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்தில், கைரேகைச் சட்டத்தில் பெயர் பதியப்பட்ட ஓர் உழவன் அந்தக் காலத்தில் எப்படி வாழ்ந்திருப்பான் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். பகலெல்லாம் ஏர் பிடிப்பான், கமலை இறைப்பான். இருட்டினால் தன் பெண்டு பிள்ளைகளோடு தன் வீட்டுத் திண்ணையில் படுக்க அவனுக்குப் பாத்தியதை கிடையாது. போலீஸ் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய் ஆஜர் கொடுத்துவிட்டுக் கிடக்க வேண்டும். வெளியூரில் மகளுக்குப் பிரசவமென்றாலும், சந்தையில் மாடு பிடிக்க வேண்டுமென்றாலும் ராதாரிச் சீட்டு கேட்டு வாங்கித்தான் போக வேண்டும். இவன் யார் வீட்டில் கன்னம் வைத்தான்? பிரமலைக் கள்ளர் ஜாதியில் பிறந்தான், அவ்வளவுதான் குற்றம்!

1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் செய்தவர்கள் சொன்ன நியாயமாவது, தச்சன் மகன் தச்சனாகும் தேசத்தில் திருடன் மகன் திருடனாகத்தானே இருப்பான் என்பதாகும். இந்தப் புத்தியை வெள்ளைக்காரன் லண்டனிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவர வேண்டியதில்லை. நம்முடைய வருணாசிரமக்காரர்களிடமே வேண்டிய மட்டும் கிடைத்தது.

1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மாட்டோமென்று எதிர்த்து நின்றார்கள். போலீசார் சுட்டதில் மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். இச்சட்டத்தை எதிர்த்த மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை அவ்வட்டாரத்து மக்கள் ரோசாப்பூ துரை என்று அழைத்தார்கள்.

கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். கென்யாவில் ஏறக்குறைய அதே வருஷங்களில், ஆப்பிரிக்க ஆண்கள் விரல்ரேகை பதித்த கிப்பாண்டே என்னும் சீட்டை உலோகச் சிமிழில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே கூலிக்குப் போக வேண்டியிருந்தது. பழைய எஜமான் அதில் கையெழுத்துப் போட்டு விடுவித்தாலன்றி வேறிடத்தில் வேலை கிடையாது. அங்கே தோலின் நிறம், இங்கே ஜாதி. விரலும் மையும் ஒன்றே.

நிற்க, சென்னை மாகாணத்தில் 1947-ல் இச்சட்டம் ஒழிந்தது. ஒழிந்த பிறகு நடந்ததென்ன? 1996-ல் அதே உசிலம்பட்டி வட்டாரத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தலை நடக்கவிடாமலும், நடந்தால் ஜெயித்தவரை ராஜினாமாச் செய்ய வைத்தும் 2006 வரை பத்து வருஷம் கழித்தார்களே, எதற்காக? சேரியில் பிறந்தவன் நாற்காலியில் உட்காரலாகாது என்பதற்காகத்தானே! பாட்டனைப் பிறவித் திருடனென்றவன் அயோக்கியனானால், பேரன் இன்னொருவனைப் பிறவி அடிமையென்பது மாத்திரம் எப்படி யோக்கியமாகும்? நம்மைக் கோபித்துக்கொள்ளும் தோழர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் கோபித்துக்கொள்ளட்டும்.

வருஷந்தோறும் ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூர் நினைவிடத்தில் மாலை போடுகிறார்கள், போடவேண்டியதுதான். அடுத்த ஏப்ரலில் அங்கே பேசப்போகிறவர்கள் பாப்பாபட்டியைப் பற்றியும் பத்து நிமிஷம் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.