வீட்டிலேயே அப்சோபர் மாற்றலாமா?



கார் வைத்திருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு வேலைகள் உண்டு. காரைக் கழுவுவது ஒன்று. கழுவிய காரைச் சுற்றிச் சுற்றி வந்து, இதில் இன்னும் எதை மாற்றலாம் என்று யோசிப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வேலைதான் நம் இளைஞர்களை உதிரிப்பாகக் கடைக்குக் கொண்டுபோய் விடுகிறது. காரோடு வந்த அப்சோபரையும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, வேறு கம்பெனி செய்ததை மாட்ட ஆசை. "பட்டறைக் கூலி எதற்கு? கூட ஓர் ஆள் இருந்தால் நாமே மாட்டிவிடலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

முடியுமா? முடியும். ஆனால் எதுவரை வீட்டில் செய்யலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போகவேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த எல்லையைச் சொல்வதற்குத்தான் இம்முறை இந்தப் பக்கம்.

ஸ்பிரிங் வேறு, அப்சோபர் வேறு

காரின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். குழியில் இறங்கி ஏறிய ஸ்பிரிங் சட்டென்று அடங்காது, ஊஞ்சல்போல ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது அப்சோபர். அதன் உள்ளே எண்ணெய் இருக்கிறது. தண்டு மேலும் கீழும் போகும்போது, அந்த எண்ணெய் சிறு துவாரங்கள் வழியே நெருக்கிக்கொண்டு போகவேண்டும். ஆட்டத்தின் வேகம் அங்கே சூடாக மாறி அடங்கிவிடுகிறது. எண்ணெய் கசிந்துபோன அப்சோபர் பெயருக்குத்தான் அப்சோபர். மேடு பள்ளத்தில் டயர் சாலையை விட்டு எழும்பும். பிரேக் பிடித்தாலும் கார் நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். ஆகவே தேய்ந்ததை மாற்றுவது ஆடம்பரமல்ல, அவசியம். மாற்றும்போது இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது, மற்றது பழையது என்றால் கார் ஒரு பக்கமாக இழுபடும்.

காரைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங் விஷயம் வேறு. பட்டணத்துத் தார்ச் சாலையில் அது பார்வைக்கு அழகுதான். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் குழி பறித்து வைத்திருக்கும் செம்மண் பாதையில் தினமும் போகிறவருக்கு அது வீண்செலவு. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி கல்லில் இடிக்கும். அப்சோபர் மேலும் கீழும் போக இடமின்றி முட்டிக்கொள்ளும். டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். அதோடு, காரின் உயரத்தை மாற்றுவதற்கு முன் ஜே.பி.ஜே. என்று நாம் சொல்லும் சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும், காப்புறுதிக் கம்பெனியிடமும் விசாரித்துக்கொள்வது நல்லது. விபத்துக்குப் பிறகு விசாரிப்பதில் பயனில்லை.

இடமும் கருவியும்

சமமான சிமெண்டுத் தரை வேண்டும். மழை பெய்த மண்தரையில் ஜாக்கி மெல்ல மெல்லப் புதையும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார் சாயும். காரின் பெட்டியில் வரும் ஜாக்கி பஞ்சரான டயரை மாற்றுவதற்கு மட்டுமே. இந்த வேலைக்கு நல்ல தள்ளு ஜாக்கி ஒன்றும், காரைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டு இரண்டும் வேண்டும். சிறிய கார்கூட ஏறத்தாழ 1 டன் எடை. அந்த எடையைச் செங்கல்லின் மேலோ, சிமெண்டுக் கல்லின் மேலோ நிறுத்தாதீர்கள். கல் வளைந்து எச்சரிக்கை கொடுக்காது, நொறுங்கிவிடும்.

பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கியதும் அந்தப் பிடிப்புக்கு வேலை இல்லை. எனவே முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கர நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே, டயர் தரையில் இருக்கும்போதே, சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு காரைக் கையால் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். ஆடினால் மறுபடியும் சரியாக நிறுத்துங்கள். கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைத்தால் அதுவும் ஒரு காவல்தான். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல்நாள் மாலையே துரு நீக்கும் எண்ணெய் தெளித்து வையுங்கள். மறுநாள் பாதிச் சண்டை குறையும்.

கூட இருப்பவர் யார்?

தம்பியாக இருக்கலாம், மச்சானாக இருக்கலாம், மகளாகவும் இருக்கலாம். பலசாலியாக இருக்கவேண்டும் என்பதில்லை; கவனம் உள்ளவராக இருந்தால் போதும். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது மட்டும் அவர் வேலையல்ல. கண்காணிப்பதுதான் முதல் வேலை. கார் அசைகிறதா, ஸ்டாண்டு நகர்கிறதா, பிள்ளைகள் பக்கத்தில் வந்துவிட்டார்களா என்று அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு விதியை இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்: சக்கரத்தருகே இருப்பவர் "இறக்கு" என்று சொல்லாமல் ஜாக்கிப் பிடியை மற்றவர் தொடக்கூடாது. சொன்னதை அவர் திருப்பிச் சொல்லிவிட்டே செய்யவேண்டும். இது பள்ளிக்கூடத்து ஒழுங்குபோல் தெரியலாம். ஆனால் விரல் போனால் திரும்ப வராது அல்லவா?

பின்பக்கம்

பெரோடுவா மைவி போன்ற சிறு கார்களில் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே குறுக்குச் சட்டம் இணைக்கிறது. கார் ஸ்டாண்டில் நின்ற பிறகு, அந்தச் சட்டத்துக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்துவிட்டுத்தான் அப்சோபரின் அடிப்போல்ட்டைக் கழற்ற வேண்டும். சட்டம் அளவுக்கு மீறிக் கீழே தொங்காமல் பிடித்திருப்பதே அந்த அப்சோபர்தான். பிறகு ஜாக்கியை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். பிரேக் குழாய் இழுபடாமல் பார்த்துக்கொள்வது கூட இருப்பவரின் பொறுப்பு. புது ஸ்பிரிங்கின் நுனி, ரப்பர் இருக்கையில் அதற்குரிய பள்ளத்தில் உட்காரவேண்டும்.

முன்பக்கம்

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. முன்பக்கத்தில் ஸ்பிரிங்கும் அப்சோபரும் ஒன்றாகச் சேர்ந்த தூண் இருக்கும். எர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய முறை இது. 1950-இல் பிரிட்டனில் அறிமுகமான போர்டு கான்சல் காரிலேயே வந்துவிட்டது. நம் நாட்டுச் சிறு கார்கள் பலவற்றிலும் இதுதான்.

எஞ்சின் மூடியைத் திறந்தால், தூணின் தலைப்பக்கத்தில் சுற்றிலும் சில சிறிய நட்டுகளும், நடுவில் ஒரு பெரிய நட்டும் தெரியும். சிறிய நட்டுகளைக் கழற்றினால் தூண் முழுதாக இறங்கிவிடும்; அப்போது கீழே ஒருவர் அதைப் பிடித்திருக்க வேண்டும். நடு நட்டைத் தொடாதீர்கள்! அமுக்கி வைத்த ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது அந்த ஒரே ஒரு நட்டு. அது கழன்றால் ஸ்பிரிங் வெடித்துக்கொண்டு வரும். முகத்தில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே தூணை முழுதாகக் கழற்றி, புதுச் சாமான்களோடு பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஸ்பிரிங்கை அமுக்கும் இயந்திரத்தில் வைத்துப் போர்மன் மாற்றிக் கொடுப்பார். மற்ற வேலை எல்லாம் உங்களுடையது. இந்த ஒன்று மட்டும் அவருடையது. இரவல் வாங்கிய கருவியை வைத்துக்கொண்டு இந்தக் கூலியை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். தூணைக் கழற்றியிருக்கும் நேரத்தில் சக்கரக் குடத்தைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் குழாயில் அதன் பாரம் விழக்கூடாது.

முடித்த பிறகு

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை முதலில் லேசாக மட்டும் முறுக்குங்கள். கார் தன் பாரத்தோடு சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் திருகியபடி நின்று சீக்கிரம் கிழியும். எவ்வளவு இறுக்குவது என்பது காரின் பழுதுபார்ப்புப் புத்தகத்தில் இருக்கிறது, கைக்கணக்கு வேண்டாம். கிளம்புமுன் பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்துப் பாருங்கள். முதல் ஓட்டம் மெதுவாக, வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளை மறுபடி சோதியுங்கள். சக்கர நேர்ப்பாடு பார்க்கக் கடைக்குக் கட்டாயம் போங்கள். காரின் உயரம் மாறியிருந்தால் முன்விளக்கின் ஒளியையும் சரிசெய்யுங்கள். எதிரே வருபவரின் கண் கூசக்கூடாது.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள் பெரியவர்கள். ஒரே நாளில் நான்கு சக்கரத்தையும் முடித்தாகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இந்த ஞாயிறு பின்பக்கம், அடுத்த ஞாயிறு முன்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிவிட்டால் நிறுத்திவிடுங்கள். பத்து விரலோடு வேலையை ஆரம்பித்தவர் பத்து விரலோடு சாப்பிட உட்காரவேண்டும். அதைவிடப் பெரிய மிச்சம் எது?

அடுத்த இதழில் சந்திப்போம்.