இரண்டு உருளைகள்

பழைய சலவை இயந்திரங்களில் துணியைப் பிழிய இரண்டு இறப்பர் உருளைகள் இருந்தன. (அந்த இறப்பர் நம் மலைகளில் வெட்டிய பாலாகவும் இருந்திருக்கலாம்.) மின்சாரத்தில் சுழன்ற அவை துணியோடு விரலையும் இழுத்துக்கொண்டன. பின்னர், தட்டியதும் உருளைகள் விலகும் விசை வந்தது. சுழன்று பிழியும் தொட்டி வந்தபோது, மூடியைத் திறந்தால் ஓட்டம் நிற்கும் ஏற்பாடும் வந்தது. அமெரிக்க மேடாக் கம்பெனி உருளை இயந்திரத்தை 1983இல் அறவே நிறுத்திற்று.

முதலாளிக்கு இந்த இரக்கம் எங்கிருந்து பிறந்தது? விரலை இழக்கக்கூடியவளே காசு கொடுத்து வாங்குகிறவளாகவும் இருந்தாள். அவ்வளவுதான்!

குருவிட்ட வட்டாரத் தோட்டங்களில் உறைந்த இறப்பர் பாலை ஷீட்டாக்குவதும் சுழலும் உருளைகளே. இங்கே வாங்குகிறவர் ஒருவர். கையை வைக்கிறவர் வேறொருவர். ஆபத்தான பாகங்களுக்கு அடைப்பு வேண்டுமென்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் விதித்தது. 1934ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டத்தில் துண்டான விரலுக்கு அட்டவணையே உண்டு. விரலுக்கு விலை கேட்கவில்லை நாம், விரலையே கேட்கிறோம்.

தோட்டப் பள்ளி ஆசிரியர்களே, மாணவர்களே! அடுத்த முறை உருளைக் கொட்டகைப் பக்கம் போனால் ஒன்றைப் பாருங்கள்: நிறுத்தும் விசை, உருளையருகே நிற்பவரின் கைக்கு எட்டுகிறதா?