நிச்சயம் என்பது நிச்சயந்தானா?

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்ததும் என் அம்மா செய்யும் முதல் காரியம், லயத்து வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்ப்பதுதான். மழை பெய்து மரப்பட்டை நனைந்திருந்தால் அன்று மரம் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கோட்டின் வழியே இறங்காமல் பட்டையெங்கும் பரவி வீணாகும். மங்கில் மழைநீர்தான் நிற்கும். வேலை இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை. "இன்னிக்கி வேலை இருக்குமா?" என்பதே எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு நாளும் எழுந்த முதல் கேள்வி.

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் இருந்த ரப்பர்த் தோட்டம் அது. மேகம் எந்தப் பக்கம் கருத்தால் மழை எப்போது வரும் என்று அம்மா சொல்லிவிடுவார். மழைக்காலத்திற்கென்று மளிகைக் கடையில் கணக்கு, கூட்டுப் பணத்தில் ஒரு பங்கு, வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி, நான்கைந்து கோழிகள் என்று எல்லா ஏற்பாடும் இருந்தது. ஆனால், தோட்டம் என்றைக்கும் இருக்குமா என்று மட்டும் எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. தாத்தா காலத்துத் தோட்டம் அல்லவா? 1994ஆம் ஆண்டு அது வீடமைப்புத் திட்டத்திற்காக விற்கப்பட்டது. நான் அப்போது இரண்டாம் படிவ மாணவன். லயத்தைக் காலி செய்யச் சொல்லி மலாய் மொழியில் வந்த கடிதத்தை அம்மாவுக்குப் படித்துப் பொருள் சொன்னவன் நான்தான். தினமும் வானத்தைப் பார்த்த எங்களுக்கு, காலடியில் இருந்த மண் நகர்வது தெரியவில்லை.

சூழலிலும் வேலையிலும் உள்ள நிச்சயமின்மையை மனிதர்கள் எப்படி உணர்கிறார்கள் என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடிதம்தான் நினைவுக்கு வருகிறது. அடிக்கடி வந்து போவதை நாம் நிச்சயமற்றது என்கிறோம். நெடுநாள் பழகியதை நிச்சயமானது என்று நம்பிவிடுகிறோம். பழக்கம் வேறு, நிச்சயம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே நம் சமுதாயத்திற்கு மீண்டும் மீண்டும் இழப்பைத் தந்திருக்கிறது என்பது என் கருத்து.

அறிஞர்கள் இதைப் பற்றி நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்கப் பொருளியலாளர் பிராங்க் நைட் 1921இல் வெளியிட்ட நூலில் இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டினார். பகடையை உருட்டினால் ஆறு விழ எத்தனை வாய்ப்பு என்று கணக்கிடலாம். அது ஒரு வகை. இன்னும் இருபது ஆண்டுகளில் ஒரு தொழில் நிலைக்குமா என்பதற்கு அப்படிப்பட்ட கணக்கு கிடையாது. அது மற்றொரு வகை.

1961இல் டேனியல் எல்ஸ்பெர்க் என்பவர் இதை ஒரு சோதனையாக முன்வைத்தார். இரண்டு ஜாடிகள். ஒவ்வொன்றிலும் நூறு உருண்டைகள். முதல் ஜாடியில் சிவப்பு ஐம்பது, கறுப்பு ஐம்பது. இரண்டாவதில் எது எத்தனை என்று தெரியாது. சிவப்பு உருண்டையை எடுத்தால் பரிசு என்றால், பெரும்பாலோர் முதல் ஜாடியையே நாடுகின்றனர். சரி, கறுப்பை எடுத்தால் பரிசு என்றாலோ? அப்போதும் முதல் ஜாடிதான்! இரண்டாவது ஜாடியில் சிவப்பு குறைவு என்று அஞ்சினால், அதில் கறுப்பு அதிகம் இருக்க வேண்டும் அல்லவா? ஆக, மனிதன் இங்கே கணக்குப் பார்க்கவில்லை. தெரியாததை மோசமானது என்றே எடுத்துக்கொள்கிறான்.

தெரியாததைக் கண்டு அஞ்சும் அதே மனிதன், தெரிந்ததாக நினைப்பதைக் கண்டு அஞ்சுவதே இல்லை. விமானத்தில் ஏறப் பயப்படுகிறவர்களை நாம் எல்லாரும் அறிவோம். ஆனால், விடுமுறைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஈப்போவுக்கோ சுங்கை சிப்புட்டுக்கோ மோட்டார் சைக்கிளில் நள்ளிரவில் புறப்படும் மாணவர்களைத் தடுப்பவர் எத்தனை பேர்? இந்நாட்டுச் சாலை விபத்துகளில் மாண்டு போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. தினமும் ஓட்டுகிற வண்டி என்பதால் அது பாதுகாப்பானதாகத் தோன்றுகிறது.

என் அக்காவும் அத்தானும் ஷா ஆலத்தில் வீடு வாங்கியபோது, "வெள்ளம் வருமா?" என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். "இருபது வருசமா இருக்கோம், வாசப்படி நனைஞ்சதில்ல" என்றார்கள். அதோடு விசாரணை முடிந்தது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்த பெருமழையில் அந்த வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் மூழ்கியது. அக்காவின் திருமணப் படங்கள், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் யாவும் சேற்றில் போயின.

அதை நூறாண்டுக்கு ஒரு முறை வரும் வெள்ளம் என்றார்கள். நம்மில் பலர் இதைக் கேட்டதும், 'அப்படியானால் இனி நம் காலத்தில் வராது' என்று ஆறுதல் அடைகிறோம். அதன் பொருள் அதுவன்று. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். முப்பதாண்டு வீட்டுக் கடன் எடுத்தவர், கடன் முடிவதற்குள் அப்படியொரு வெள்ளத்தை ஒரு முறையாவது சந்திக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 26 விழுக்காடு. நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகம்! பருவநிலை மாறிவரும் இக்காலத்தில் பழைய கணக்கே போதுமா என்பது இன்னொரு கேள்வி. கேட்க வேண்டியது "இதுவரை வந்ததா?" என்பதன்று, "நான் இங்கே இருக்கப்போகும் காலத்திற்குள் வர எவ்வளவு வாய்ப்பு?" என்பதே.

இனி வேலைக்கு வருவோம். நான் 2003இல் பட்டம் பெற்றபோது எனக்கு இரண்டு வாய்ப்புகள் வந்தன. ஒன்று, மின்னியல் தொழிற்சாலை ஒன்றில் நிரந்தர வேலை. மற்றொன்று, கூடுதல் சம்பளத்தில் ஈராண்டு ஒப்பந்தம். தோட்டம் போன கதையை அனுபவித்த வீடு எங்களுடையது. "நிரந்தரமே போதும் ஐயா" என்றார் அம்மா. நானும் ஏற்றுக்கொண்டேன். என் நண்பன் ஒப்பந்த வேலைக்குப் போனான்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அவ்வாண்டு இறுதிக்குள் எங்கள் தொழிற்சாலையின் அந்தப் பிரிவே மூடப்பட்டது. பதினேழு ஆண்டுச் சேவைக்குப் பிறகு ஒரு பெட்டியோடு வீடு திரும்பினேன். நிரந்தர வேலையைத் தேர்ந்தெடுத்ததற்காக நான் வருந்தவில்லை. வருத்தம் வேறு. 'நிரந்தரம்' என்ற சொல்லைக் கேட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பதினேழு ஆண்டுகளில் புதிதாக ஒரு திறனைக் கற்கவில்லை. வேறெங்கும் என் வேலைக்கு மதிப்பு உண்டா என்று கேட்டுப் பார்க்கவில்லை. ஈராண்டுக்கு ஒரு முறை வேலை தேட வேண்டியிருந்த என் நண்பனோ, ஈராண்டுக்கு ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொண்டான். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் லயத்துக்குள் தூங்கிவிட்டேன்.

மருத்துவம் படித்தால் வாழ்க்கை நிச்சயம் என்று நம் பெற்றோர்கள் இன்றும் நம்புகிறார்கள். அரசாங்க மருத்துவமனைகளில் ஒப்பந்த முறை 2016 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. 2021 ஜூலை 26ஆம் நாள் ஒப்பந்த மருத்துவர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்ததை நாம் பார்த்தோம். மருத்துவம் படிக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நிச்சயம் என்பதற்காக மட்டும் ஒரு துறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்றே சொல்கிறேன்.

"எல்லாம் தலையெழுத்து, எதுவும் நம் கையில் இல்லை" என்று சிலர் கூறுவர். அதற்குத் திருக்குறளையும் துணைக்கு அழைப்பர். ஆனால், வள்ளுவர் 'நிலையாமை' அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்தார். பொருட்பாலிலோ, 'தெரிந்துசெயல்வகை' என்று ஓர் அதிகாரத்தை அரசியலில் வைத்தார். உலகம் நிலையற்றது என்று உணர்ந்தவரே, செயலில் இறங்குமுன் ஆராய வேண்டும் என்றும் வகுத்தார். நாமோ முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னதை மறந்துவிட்டோம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். துணிந்து இறங்கு என்று மேடையில் முழங்குவது எளிது. கையில் சேமிப்பு உள்ளவனுக்கு ஒரு தோல்வி பாடம். இல்லாதவனுக்கு அதுவே முடிவு. குடும்பத்தின் முதல் பட்டதாரி, தம்பி தங்கைகளின் கல்விக்கும் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டியவன், நிச்சயத்தை நாடுவது கோழைத்தனம் ஆகாது. அப்படியானால் அவனுக்கு என்ன வழி?

வழியை நம் முன்னோர் காட்டியிருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளி என்று தொழிலாளர்கள் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. தனியொருவனால் தாங்க முடியாத நிச்சயமின்மையைப் பலர் சேர்ந்து தாங்கினார்கள். மழைக்காலத்தில் அம்மாவைக் காத்த கூட்டுப் பணமும் இதே தத்துவம்தான்.

பல்கலைக்கழக மாணவர்களாகிய நீங்கள் என்ன செய்யலாம்? மாதம் ஒரு சிறு தொகையைச் சேர்த்து, அவசரத்தில் தவிக்கும் தோழனுக்குக் கைகொடுக்கும் நிதியொன்றை இந்தப் பேரவையிலேயே தொடங்கலாம். முன்னாள் மாணவர்களாகிய எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஆண்டுதோறும் விருந்துக்கு வந்து எங்கள் வெற்றிகளை மட்டும் பேசிவிட்டுப் போகிறோம். வேலை இழந்தவர்கள் அந்த விருந்துக்கு வருவதில்லை. ஆகவே அவர்கள் கதையை நீங்கள் கேட்பதும் இல்லை. 2020இல் நானும் வரவில்லை, 2021இலும் வரவில்லை. வெட்கமாக இருந்தது. இந்தக் கட்டுரையைத் தாமதமான வருகையாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். இன்றும் நான்கு மணிக்கு எழுந்து சன்னல் வழியே வானத்தைப் பார்க்கிறார். பழக்கம் போகவில்லை. அந்தப் பழக்கத்தை நாமும் கற்றுக்கொள்வோம். ஆனால், வானத்தை மட்டுமல்லாமல், நிற்கிற மண்ணையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது குனிந்து பார்ப்போம்.