கோரி மீனைக் கூட்டிப் பெருக்கக் கூப்பிடாதீங்க

டிஸ்கி: நான் படிச்சது பி.காம். மீன் டாக்டர் இல்லை. நாலு மீனைக் கொன்னு, அதுக்கப்புறம் புத்தி வந்தவன். அந்த அளவில் எடுத்துக்குங்க.

ஊரில் வாசலைத் தாண்டினால் வாய்க்கால். வடாலாவில் நாலாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் எதிர் பில்டிங் துணிக்கொடி. பாங்கில் ஆணி பிடுங்கி முடித்து ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து சேருகிறவனுக்கு சீரியலைவிட மீன் பார்ப்பது பிரஷருக்கு நல்லது என்று தங்கமணி தீர்ப்பு சொன்னதால் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு தொட்டி வந்தது. 55 லிட்டர் சொச்சம் தண்ணீர்.

மீனுக்கு எங்கே போவது? மும்பையில் மீன் வளர்க்கிறவர்களுக்கு குர்லா. வடாலா ரோட்டில் ஹார்பர் லைன் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன். பத்து கப்பி வாங்கி முடித்ததும் கடைக்காரர் கீழே மண்ணை முகர்ந்துகொண்டிருந்த ஒரு குட்டையான மீசைக்கார மீனைக் காட்டி, "ஏக் லே ஜாவ் சாப், டாங்கி சாஃப் ரக்கேகா" என்றார். ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, தொட்டியைச் சுத்தமா வெச்சுக்கும். சொன்னபடியே ஒண்ணே ஒண்ணு வாங்கினேன்.

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. மும்பையில் ஆரம்பித்து சென்னை கொளத்தூர் வரைக்கும் இதைச் சொல்லித்தான் கோரி விற்கிறார்கள். நாமும் சந்தோஷமாக நம்புகிறோம். வீட்டில் பாத்திரத்துக்கு ஒரு பாய், குப்பைக்கு ஒரு ஆள் என்று பழகியவர்கள் இல்லையா, தொட்டிக்கும் சம்பளமில்லாமல் ஒரு ஆள் கிடைத்தால் விடுவோமா?

கோரிடோராஸ் பாசி தின்னாது. மற்ற மீனின் கழிவையும் தின்னாது. மேலே போடுகிற தீனியில் மிஞ்சி விழுவதைத் தின்னும், உண்மை. ஆனால் பத்து கப்பி இருக்கிற தொட்டியில் என்ன மிஞ்சும்? ஹோட்டலில் வேலை செய்கிறவன் வயிறு ரொம்பியிருக்கும் என்று நினைப்பது மாதிரிதான். அதற்கென்று தனியாக, மூழ்கும் தீனி போடவேண்டும். விளக்கை அணைத்தபிறகு போட்டால் கப்பி கொள்ளையடிக்காது. என் மீன் இரண்டு மாதம் அரைப்பட்டினி கிடந்ததை நான் கவனிக்கவே இல்லை. மேலே பார்த்தால் நெஞ்சு முழுக்க எலும்புத் தகடு. வயிறு ஒட்டியது தெரியாது.

பொண்ணுதான் முதலில் கண்டுபிடித்தாள். "அப்பா, அதுக்குப் பேசறதுக்கு ஆளே இல்லையேப்பா." ஆறாம் கிளாஸ். அவள் சொன்னதுதான் சரி. கோரி கூட்டமாக வாழ்கிற மீன். ஒரே இனத்தில் குறைந்தது ஆறு. ஆறு இருந்தால் பகலெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணைக் கிளறிக்கொண்டு திரியும். ஒன்று இருந்தால் மூலையில் ஒளியும். அந்தத் தனிமீனோடு இன்னும் மூன்று வாங்கிப் போட்டேன். வந்தது மே மாசம்.

அவை பெப்பர்ட் கோரி. டார்வின் பீகிள் கப்பலில் போனபோது பிடித்துக்கொண்டுவந்த மீன்களில் ஒன்று, 1842-இல் பெயர் வைத்தார்கள். அர்ஜென்டினா, உருகுவே பக்கத்து மீன். 20-லிருந்து 24, 25 டிகிரி தண்ணீர் போதும். என் தொட்டியில் தெர்மாமீட்டர் 31 காட்டியது. சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. கோரிக்கு மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக் குடல் வழியாகச் சுவாசிக்கிற வித்தை தெரியும். எப்போதாவது செய்தால் பயப்பட ஒன்றுமில்லை. நிமிஷத்துக்கு நிமிஷம் செய்தால் தண்ணீரில் கோளாறு. நான் என்ன செய்தேன் தெரியுமா? "எவ்வளவு சுறுசுறுப்பு பாரு" என்று வீடியோ எடுத்தேன். ஒரே வாரத்தில் நாலும் போச்சு.

அதனால் மும்பை, சென்னை வெயிலில் ஏ.சி. இல்லாத ஹாலில் தொட்டி வைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: பெப்பர்டும் வேண்டாம், பாண்டாவும் வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும். ஸ்டெர்பை வாங்குங்கள். கருத்த தலையில் வெள்ளைப் புள்ளி, ஆரஞ்சு நிற மார்புத் துடுப்பு. 28 டிகிரி வரை ஜம்மென்று இருக்கும். விலை கூட. கட்டாதவர்கள் வெண்கல நிறக் கோரி வாங்கலாம், கோடையில் தொட்டிமேல் ஒரு சின்ன ஃபேன் ஓடவேண்டும். எனக்கு இரண்டு டிகிரி குறைகிறது. ரோஸ், நீலம் என்று சாயம் ஏற்றிய அல்பினோ கொடுத்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். (2024-இல் விஞ்ஞானிகள் இந்தப் பேரினத்தைப் பிரித்து ஸ்டெர்பையை ஹாப்லிசோமா என்றும் வெண்கலத்தை ஆஸ்டியோகாஸ்டர் என்றும் மாற்றிவிட்டார்கள். பாங்க் இணைப்பு மாதிரிதான், போர்டு மாறினாலும் கஸ்டமர் பழைய பேரைத்தான் சொல்லுவார் :-))

வாங்கும்போது மீசையைப் பாருங்கள். முழுசாக இருக்கவேண்டும். தேய்ந்திருந்தால் கூர்கல்லிலோ அழுக்கிலோ கிடந்த மீன். நானும் கலர் கல்தான் போட்டிருந்தேன். இப்போது நன்றாகக் கழுவிய நைசு மணல். வாயால் மணலை அள்ளிச் செவுள் வழியாக உதறுவதைப் பார்க்கணுமே! ஊரிலிருந்து வந்த அம்மா பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "அயிரை மாதிரில்லடா இருக்கு" என்றார்கள். எனக்கு உடனே கொசுவத்தி சுத்த ஆரம்பித்துவிட்டது. அயிரையும் மீசை வைத்த, மணலில் மேய்கிற மீன்தானே. குழம்பு வைக்கலாமா என்று அவர்கள் கேட்கவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். சொந்தம் என்றால் கோரிக்கு நம்ம கெளுத்திதான் கிட்டே. அந்த முள் இதற்கும் உண்டு. பாலிதீன் பையைக் குத்திவிடும், இரட்டைப் பை கேளுங்கள்.

மும்பைக் குழாய்த் தண்ணீர் மென்மையானது, கோரிக்கு வரப்பிரசாதம். குளோரினை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

இன்னொன்றும் உண்டு, என்னை மாதிரி டிரான்ஸ்பர் உத்தியோகக்காரர்களுக்கு. நன்றாக வைத்தால் கோரி ஐந்து வருடம் சுலபமாக இருக்கும், பத்தும் தாண்டும். நமக்கு மூன்று வருடத்தில் ஆர்டர் வந்துவிடும். அப்போது நிறையப் பேர் செய்வது, ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்து ஏரியில் கொட்டுவது. இதே "தொட்டி கிளீனர்" பட்டத்தில் விற்ற சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளர்ந்து, இப்படிக் கொட்டப்பட்டே தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா நீர்நிலைகளில் மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வாங்குமுன்பே, நாம் போனால் யார் எடுத்துக்கொள்வார் என்று ஒரு ஆள் பார்த்து வையுங்கள். லோனுக்கு ஜாமீன் கேட்கிறோமே, அந்த மாதிரி. எனக்கு ஜாமீன் கீழ் மாடி மராத்திக்காரர். தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார், கொஞ்சம் அவசரப்படுகிறாரோ என்று கூடச் சந்தேகம்.

இப்போது ஆறு ஸ்டெர்பை. ஜூனில் முதல் மழை கொட்டின அன்று கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் மாற்றினேன். மழைக்காலம் வந்துவிட்டது என்று அவைகளும் நினைத்துக்கொண்டன போல. மறுநாள் காலையில் கண்ணாடியில் சவ்வரிசி மாதிரி முட்டை. பொண்ணு இருபத்திமூன்று எண்ணினாள். மத்தியானத்துக்குள் பாதியைக் கப்பி தின்றுவிட்டது. மீதியைப் பழைய கார்டை வைத்துச் சுரண்டி ஒரு டப்பாவில் போட்டிருக்கிறோம்.